நெருக்கி நடச் சொன்னவன் நான்

விவசாய இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷங்களுக்குள் உங்களிடம் ஒரு விவசாயி வந்து, "நீங்க சொன்னபடிதானே செஞ்சேன், இப்படி ஆயிப்போச்சே" என்று நிற்பார். எவ்வளவு படித்துவிட்டு வந்திருந்தாலும் அந்த நாள் வரும். அப்போது என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்கு அந்த நாள் எப்படி வந்தது என்பதை எழுதிவைக்கிறேன். இதில் நான் நல்லபடியாக நடந்துகொண்ட இடங்கள் குறைவு. வெட்கப்பட்ட இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முப்பதுகளின் கடைசி. புதுக்கோட்டை இன்னும் சமஸ்தானமாகவே இருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. விவசாய டிமான்ஸ்டிரேட்டர் என்று ஒரு வேலை. ஜனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. 'விவசாய அய்யா' என்பார்கள். ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, தலையில் தொப்பி. குளத்தூர்த் தாலுகாவில் கொடும்பாளூர்ப் பக்கமாக இருந்த கண்மாய்க் கிராமங்கள் என் பொறுப்பு. காலையில் செம்மண் பாதையில் சைக்கிளை விட்டால் மூவர் கோயில் விமானங்களின் மேல் வெயில் விழுகிற நேரத்துக்கு அந்த ஊர்களுக்குள் நுழைந்துவிடலாம். இன்று நினைத்தாலும் அந்தக் காலைக் காற்றும், நாற்றங்கால் பக்கம் வரும் பச்சை வாசனையும் மூக்கில் ஏறுகின்றன. எவ்வளவு சந்தோஷமான வேலை அது! அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த ஊர்களில் ஒன்றில் சின்னையா என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். கண்மாய்க்குக் கீழே மூன்று வயல்கள் வைத்திருந்தார். அவரும் அவர் மனைவி மூக்காயியும் சேர்ந்துதான் எல்லா வேலையும் பார்ப்பார்கள். இலாகா சொல்கிற முறையில் பயிர்செய்து காட்ட ஒரு விவசாயி வேண்டும் என்று நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "நம்ம வயல்ல செய்ங்க" என்று ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான். வேறு எவரும் முன்வரவில்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புரட்டாசியில் நிரம்ப வேண்டிய கண்மாய் ஐப்பசிக் கடைசியில்தான் நிரம்பியது. கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து நாற்றங்காலைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் பிடுங்க வேண்டிய நாற்று, இரண்டு மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தண்டு முற்றி, கணு விட்டு, முழங்காலுக்கு மேல் நின்றது.

முற்றிய நாற்று பக்கத்தில் புதுத் தண்டு விட்டுத் தூர் கட்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூர் கட்டாவிட்டால் கதிர் குறையும். அதற்கு என் மூளையில் உடனே ஒரு பதில் வந்தது. தூர் கட்டாத குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டிவிடலாம். குத்துக்கு இரண்டு நாற்று வைக்கிற இடத்தில் ஏழெட்டு வைப்பது. குத்துக்குக் குத்து இடைவெளியையும் நான்கு விரலாகக் குறைப்பது. அதோடு உரமாகக் கடலைப் புண்ணாக்கைத் தாராளமாகப் போட்டால் பயிர் எழுந்து நிற்கும். நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. வரப்பில் நின்றபடியே உத்தரவு போட்டேன்.

நடவுக்கு வந்த பன்னிரண்டு பெண்களுக்குத் தலைவி பழனியாயி. என் வயதுதான் அவளுக்கும். கை அவ்வளவு வேகம். அவள் முன்னால் போனால் மற்றவர்கள் பின்னால் ஓடவேண்டும். நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழெட்டாங்க?"

"ஆமா. நெருக்கி வை. நாற்று முத்திப் போச்சில்ல."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடி குனிந்துவிட்டாள். சிரிப்பும் பாட்டுமாக இரண்டு நாளில் இரண்டு வயல்கள் முடிந்தன. நான் சொன்னது போலவே அடர்த்தியாக, பார்க்கப் பாய் விரித்தாற்போல் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை நான் போனபோது மேற்கு மூலை வயல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு குத்துக்கு ஒன்று, இரண்டு நாற்று. ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தண்ணீரும் சேறும்தான் கண்ணில் பட்டன. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன இது? பொழுது சாயுதுன்னு அவசரத்துல ஊணிட்டுப் போகப் பார்க்கிறியா? நான் இல்லேன்னா இப்படித்தான் வேலை நடக்குமா?"

பழனியாயி கையில் ஒட்டியிருந்த சேற்றை வாய்க்கால் தண்ணீரில் கழுவிவிட்டு எழுந்தாள்.

"நாத்து இல்லைங்க. மூணு வயலுக்கு வச்ச நாத்த ரெண்டு வயலுக்கே ஊணச் சொல்லிட்டீங்க. மிச்சம் கெடந்தத வச்சுத்தானே இதுக்கு ஊணணும்?"

கணக்கு எனக்கு உடனே புரிந்தது. பிழை என்னுடையது. ஆனால் பன்னிரண்டு பேருக்கு முன்னால் அதை ஒப்புக்கொள்ள நாக்கு எழவில்லை. "எதிர்த்துப் பேசாதே. வேலையில் ஏமாத்துறவங்க சொல்ற பேச்சுதான் இது" என்றேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்து போய்விட்டாள். அதன்பின் அந்த வயலில் களையெடுப்புக்கும் மற்ற வேலைகளுக்கும் அவள் வந்தாள். சின்னையா வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. என்னோடு மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் எதிரே வந்தால் வேறு வரப்புக்கு மாறிவிடுவாள்.

மார்கழி வந்தது. அந்த வருஷப் பனியை நான் மறக்க மாட்டேன். காலையில் சைக்கிள் கைப்பிடியைத் தொட முடியாது. அவ்வளவு சில்லிப்பு. நெருங்கிய வயல்கள் இரண்டும் கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்திருந்தன. மூலை வயல் மட்டும் வெளிறிய பச்சையாக, சோர்ந்தாற்போல் தெரிந்தது. வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் சின்னையா என்னை வயலுக்குள் அழைத்துப் போய் நெல் இலைத் தோகை ஒன்றைப் பிடித்துக் காட்டினார். அதில் கண்ணைப் போன்ற வடிவத்தில் புள்ளிகள். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பக்கத்துத் தோகைகளில் நுனி காய்ந்து வந்தது.

"பசிக்குதோ பயிருக்கு?" என்று கேட்டார். தோகை காய்ந்தால் உரம் பற்றவில்லை என்று நினைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

அப்போதுதான் நான் இன்னொரு பிழை செய்தேன். அந்தப் புள்ளியைக் கல்லூரியில் படம் போட்டுப் படித்திருக்கிறேன். குலைநோய் என்று பெயர்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் அது என் வயலில் வரும் என்று என் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு செழிப்பான பயிருக்கு நோய் எப்படி வரும்? "பசிதான். இன்னொரு தடவை புண்ணாக்கு போடுங்க" என்றேன்.

தை பிறந்து கதிர் வெளிவந்தது. முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கதிரின் கழுத்து கறுக்கத் தொடங்கியது. கழுத்து கறுத்த கதிர் இரண்டு மூன்று நாளில் வெளுத்துப் போயிற்று. விரலால் நசுக்கினால் நெல்லுக்குள் பால் இல்லை. அத்தனையும் சாவி, வெறும் பதர். சில கதிர்கள் கறுத்த இடத்தில் மடங்கித் தொங்கின. நோயை உண்டாக்கும் பூஞ்சாணம் கழுத்தில் உட்கார்ந்துவிட்டால் மேலே சாரம் ஏறாது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் புத்தகத்தில் படிப்பதற்கும், ஒரு குடும்பத்தின் ஒரு வருஷச் சோறு கண்முன்னால் வெளுத்துப் போவதைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். நல்ல வெயில். அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக நோய்பட்ட குத்து ஒன்றைப் பிடுங்கலாம் என்று நெருங்கிய வயலுக்குள் கையை விட்டேன். தோகைகளின் மேல்பக்கம் உலர்ந்து இருந்தது. உள்ளே போன கை வெளியே வரும்போது சட்டை முழங்கைவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெயில் ஏறி இவ்வளவு நேரமாகியும் இராப்பனி உள்ளே அப்படியே இருந்தது. காற்று போக வழியில்லை, வெளிச்சம் போக வழியில்லை.

நனைந்த கையோடு மேற்கு மூலை வயலுக்கு நடந்தேன். அங்கேயும் கையை விட்டுப் பார்த்தேன். குத்துகளுக்கு நடுவே காற்று வீசிக்கொண்டிருந்தது. என் கையில் ஈரமே படவில்லை. கதிர்களைப் பிடித்துப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழுத்து கறுத்திருந்தது. மற்றதெல்லாம் மணி பிடித்துத் தலைசாய்ந்திருந்தது. நான் வெட்கமில்லாமல் திட்டிய வயல் அது.

பழனியாயி அந்த வரப்பில்தான் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தாள்.

"பழனியாயி, நில்லுங்க. அன்னைக்கு நான் பேசினது தப்பு. நாற்று பத்தாமப் போனது என்னாலதான். அது அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உங்களைத் திட்டினேன்."

அவள் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "இப்ப எதுக்கு அதைச் சொல்றீங்க? இந்த வயல்ல நெல்லு நிக்கிதுன்னா?"

உண்மை அதுதான். நெல் நிற்காமல் போயிருந்தால் நான் வந்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஆமா. அதனாலயும்தான்" என்றேன்.

அரிவாளைப் புல்கட்டின் மேல் வைத்தாள். பிறகு, "என்ன வேணும், கேளுங்க" என்றாள்.

எத்தனை நாற்று வைத்தீர்கள், எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், ஓரத்தில் எப்படி, நடுவில் எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். கலக்க, அதாவது இடைவெளி விட்டு, நட்டால் நோய் வராது! எனக்குள் ஒரே பரபரப்பு. மறுநாளே எல்லா ஊருக்கும் போய் இதைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. நோட்டுப் புத்தகத்தை மூடப் போனேன்.

"இன்னொண்ணு இருக்குங்க" என்றாள் பழனியாயி. "ரெண்டாந் தடவ புண்ணாக்குப் போட்டோம்ல, அது இங்கிட்டு வரல. அந்த ரெண்டு வயலோட தீந்துபோச்சு. அதயும் எழுதிக்கிடுங்க."

நோட்டுப் புத்தகத்தை மறுபடி விரித்தேன். அப்படியானால் இந்த வயலைக் காப்பாற்றியது கலக்க நட்டதா, புண்ணாக்கு குறைந்ததா? இரண்டுமா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்ததாக அவள் பாவனை செய்யவும் இல்லை. "நாத்து பத்தல, புண்ணாக்கு பத்தல, அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்றாள். அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அரைகுறை உண்மையை முழு உண்மையாக ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். முந்தின பிழையைவிட அது பெரிதாகப் போயிருக்கும். இளம் நண்பர்களே, உங்கள் கருத்துக்கு ஒத்துவராத ஒரு விவரத்தை யாராவது தாமாக வந்து சொன்னால், அவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

மாசி முதல் வாரத்தில் என் மேலதிகாரி பார்வையிட வந்தார். கண்மாய்க் கரைவரை கார் வந்தது. ஊரில் பாதிப்பேர் கரையில் கூடிவிட்டார்கள். அதிகாரி வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கேட்டார்.

"காரணம் என்னன்னு எழுதப் போறே?"

கூட்டத்தில் யாரோ, "பனிங்க. இந்த வருசம் பனி சாஸ்திங்க" என்றார்கள்.

அதிகாரி தலையை ஆட்டினார். "பனி. சரிதான். பனிக்கு யார் என்ன செய்ய முடியும்?"

எனக்காகவே திறந்துவிட்ட வாசல் போல இருந்தது. அதில் பொய்யும் இல்லை. பனி இல்லாவிட்டால் அந்த நோய் அவ்வளவு வந்திருக்காது. தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மூக்காயி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் ஊற்றித் தந்தாள். "வெயில்ல நிக்கிறீங்களே, குடிங்க" என்றாள். அந்த வருஷம் அவள் வீட்டில் அரிசிப் பானை நிறையப் போவதில்லை. அதற்கு நான் காரணம் என்பது அவளுக்குத் தெரியாது.

மோரைக் குடிக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "பனி எல்லா வயலுக்கும் ஒண்ணுதான் சார். மூலை வயல் நிக்குது. இந்த ரெண்டு வயல்லயும் நாற்றை நெருக்கி நடச் சொன்னவன் நான். நோய் வந்த பிறகு, அது நோய்னு தெரிஞ்சுக்காம இன்னும் புண்ணாக்கு போடச் சொன்னவனும் நான்தான்."

மூக்காயி செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். சின்னையா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

காருக்குத் திரும்பும்போது அதிகாரி மெதுவான குரலில் சொன்னார். "நீ சொன்னது உனக்கு மட்டும் சொன்னதில்லே. இலாகாவுக்கும் சேர்த்துச் சொல்லிட்டே. இனிமே இந்த ஊர்ல யார் நம்ம பேச்சைக் கேப்பாங்க?" கதவைத் திறந்தவர், ஏறாமல் நின்றார். "வர்ற பருவத்துல இங்கேயே வந்து அதைச் சரியா பரிட்சை பண்ணிப் பார். உன்னை உள்ளே விட்டாங்கன்னா."

அந்த வருஷம் சின்னையா வீட்டில் வரகும் கேழ்வரகும்தான். மூலை வயல் நெல்லில் பாதியை விதைக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். நான் அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பேன். அவர் வீட்டுப் பக்கம் பார்க்க மாட்டேன். ஐந்து மாதம் அப்படி ஓடியது.

ஆடியில் ஒருநாள் அவரே வழிமறித்தார்.

"பரிட்சை பண்ணணும்னு ஆபீசர் சொன்னாராமே. யார் வயலு?"

"யாரும் தரமாட்டேங்கிறாங்க."

"நம்ம வயல்ல பண்ணுங்க."

"ஏன் சின்னையா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேற ஒருத்தர் வந்தா அவர் முதல்லேருந்து தப்புப் பண்ணிப் பழகணும். நீங்க நம்ம வயல்லயே பழகிட்டீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் கேலி செய்கிறாரா, உண்மையாகச் சொல்கிறாரா என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிற்பாடும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தத் தடவை கண்மாய் பருவத்தோடு நிரம்பியது. மூன்றில் பெரிய வயல் ஒன்றை மட்டும் நடுவில் வரப்புப் போட்டு இரண்டாக்கினோம். ஒரே நாற்று, ஒரே நாள் நடவு, இரண்டு பாதிக்கும் ஒரே அளவு எரு. புண்ணாக்கைத் தராசில் நிறுத்துப் பிரித்தது பழனியாயி. மேற்குப் பாதியில் குத்துக்கு இரண்டு நாற்று, ஒரு சாண் இடைவெளி. கிழக்குப் பாதியில் முந்தின வருஷம் போலவே நெருக்கம். நடவு முடிந்த அன்று சாயங்காலம் பெண்கள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே என்னைக் கேலி பேசிச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது. "அய்யா வந்து எண்ணிப் பாருங்க, மூணு இருந்துச்சுன்னா பழனியாயிய உள்ள போட்டுருவாக" என்றாள் ஒருத்தி. பழனியாயியும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்த மாலையை நான் திரும்பப் பெற முடியுமானால் என் உத்தியோகத்தில் வந்த எல்லாப் பாராட்டையும் கொடுத்துவிடுவேன்.

மார்கழியில் கிழக்குப் பாதியில் கண் வடிவப் புள்ளி தெரிந்தது. மேற்கில் தேடிப் பார்த்தால்தான் தென்பட்டது. பரிட்சை நன்றாகப் போகிறது என்று நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது மூக்காயி வயலுக்கு வந்தாள். கிழக்குப் பாதியைக் காட்டிக் கேட்டாள்.

"இதுவும் போன வருசம் மாதிரி ஆயிருமா?"

"ஆகலாம்மா. பார்க்கணும்."

"பாக்கணுமா? தெரிஞ்சுக்கிட்டே விட்டுட்டுப் பாக்கணுமா? போன வருசம் தெரியாமப் போச்சு, சரி. இப்ப ஒங்களுக்குத் தெரியுதுல்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் என் நோட்டுப் புத்தகம் கையில் கனத்தது. நெருக்கத்தைக் குறைத்தால் பயிர் பிழைக்கலாம். குறைத்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? இன்னொரு பக்கம், இவர்கள் போன வருஷம் முழுக்க வரகு தின்றது என் பேச்சைக் கேட்டதால். இந்த வருஷமும் என் பரிட்சைக்காக இவர்கள் வயிறு காய வேண்டுமா?

கிணற்றடியில் உட்கார்ந்து சின்னையாவோடும் பழனியாயியோடும் பேசினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கிழக்குப் பாதியில் ஓரமாக நான்கு முழ அகலம் மட்டும் அப்படியே விடுவது. மற்ற இடத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவது. வளர்ந்த பயிரைப் பிடுங்குவது எந்த விவசாயிக்கும் எளிதில்லை. முதல் குத்தைச் சின்னையாவே பிடுங்கினார். அன்று சாயங்காலத்துக்குள் நடவுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே காற்று ஓடியது.

அதிகாரிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். 'பரிட்சையைக் கெடுத்துவிட்டாய்' என்று பதில் வந்தது. அடியில் வேறு மையில் இன்னொரு வரி இருந்தது. 'நானாக இருந்தாலும் கெடுத்திருப்பேன்.' அந்தக் கடிதத்தை வெகுகாலம் வைத்திருந்தேன்.

தை முடிவில் அறுவடை. அப்படியே விட்ட ஓரத்தில் பாதிக்கு மேல் சாவி. வரிசை பிடுங்கிய இடம் தப்பியும் தப்பாமலும் நடுத்தரம். மேற்குப் பாதியில் நல்ல மணி. அங்கேயும் நோய் இல்லாமலில்லை. களத்தில் மூன்று குவியலாகப் போட்டிருந்தோம். தூற்றும்போது ஓரத்துக் குவியலிலிருந்து பதர் புகை மாதிரி பறந்தது. மேற்குக் குவியலிலிருந்து நெல் சரசரவென்று காலடியில் விழுந்தது. மூக்காயி ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தாள். உள்ளங்கையில் நெல் அப்படியே நின்றது. அதை என் கையில் கொட்டினாள்.

பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் முன்னால் நான் பேசத் தொடங்கினேன். நெருக்கம், ஈரம், பூஞ்சாணம், காற்றோட்டம் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை என் பேச்சில் பிழை எதுவும் இல்லை என்ற நிம்மதி எனக்கு.

சின்னையா மட்டும் தலையை ஆட்டவில்லை. களத்தின் ஓரத்தில் நின்று வயல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சின்னையா, நம்பிக்கை வரலையா?"

"நம்பாம இல்லைங்க." அவர் கையை நீட்டிக் காட்டினார். "மேக்கால பாதி கொஞ்சம் மேடு. கண்மாய்க் கரையத் தாண்டி வர்ற காத்து மொதல்ல அதுலதான் விழும். கெழக்கால பாதிக்கு அந்தப் புளியமர நெழல் வேற. நடவால வந்த வித்தியாசமா, எடத்தால வந்த வித்தியாசமா?"

கூட்டம் முழுவதும் வயல்பக்கம் திரும்பியது. நான் இரண்டு வருஷம் அந்த வயலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அந்தப் புளியமரத்தின் அடியில் எத்தனையோ நாள் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லை.

"வர்ற வருசம் பக்கத்த மாத்தி நட்டுப் பாப்பமா?" என்றார் சின்னையா. "மேக்கால நெருக்கி, கெழக்கால கலக்க. இந்த வருசம் பண்ணுன மாதிரி ஓரமா கொஞ்சமா நெருக்கினாப் போதும். வீட்டுக்கு நெல்லும் வரணும்ல."

நான் நாசம் செய்த வயலின் சொந்தக்காரர் என்னைவிட ஒருபடி மேலே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பழனியாயி சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னங்க, எழுதிக்கிடலையா?" என்றாள்.

பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். சின்னையா சொல்லச் சொல்ல எழுதினேன்.